மகள் மருத்துவராக விரும்புகிறாள்: தாராவியிலிருந்து எங்கே தொடங்குவது?

தாராவித் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய குடியிருப்பில் வசிக்கிறோம். என் மாமனார் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கணவர் தோல் பைப் பட்டறையில் வேலை செய்கிறார். நான் விடியற்காலையில் இட்லி அவித்து விற்பனைக்குக் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் மூத்த மகள் தமிழ்வழிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள்.

சென்ற மழைக்காலத்தில் என் மாமியாரை ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். என்ன செய்கிறது என்று இளம் மருத்துவர் இந்தியில் கேட்டார். மாமியார், "மேலுக்கு முடியல ஐயா" என்றார். பதற்றத்தில் இருந்த மகள் அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, உடம்பின் மேல் பக்கத்தில் ஏதோ தொந்தரவு என்பதுபோல் சொல்லிவிட்டாள். அவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். மூச்சு வாங்குகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நெஞ்சுக்கு எக்ஸ்ரேயும் எழுதினார். அப்போது பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்த மூத்த மருத்துவர், எங்கே என்று கையால் காட்டும்படி மாமியாரிடம் சைகை செய்தார். மாமியார் தலையிலிருந்து கால் வரைக்கும் கையை இறக்கிக் காட்டினார். எங்கள் ஊர்ப் பேச்சில் 'மேல்' என்றால் உடம்பு என்பது மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று நாள் காய்ச்சலும் கைகால் உளைச்சலும்தான். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. "நான் டாக்டராக இருந்திருந்தால் பாட்டியிடம் நேராகவே கேட்டிருப்பேனே அம்மா" என்றாள். அன்று முதல் வீட்டில் இதே பேச்சு.

எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. மருத்துவர் நாள் முழுவதும் என்ன செய்கிறார், அந்தப் படிப்புக்கு எப்படிப் போவது, இப்போதே செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன். பதினொன்றாம் வகுப்புக்கு ஊருக்கே அனுப்பிவிடுங்கள், அங்கே நீட் பயிற்சி நன்றாக இருக்கிறது என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

பணிநிறைவு பெற்ற மருத்துவர், மாட்டுங்கா எழுதியது:

அம்மா, உங்கள் மகள் அன்று இரவு வருந்தியது எதற்காகவோ, அதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். மும்பையின் பொது மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொது மருத்துவப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நுழைவுத் தேர்வு விவரங்களை இன்றைய நடைமுறை தெரிந்தவர்கள் எழுதுவார்கள்.

மருத்துவர் என்றதும் மருந்து எழுதுபவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். மருந்து எழுத அரை நிமிடம் போதும். அதற்கு முன்னால் உள்ள கேட்டலும் பார்த்தலும்தான் வேலை. மாணவர் முதன்முதலில் வார்டுக்கு வந்ததும் நாங்கள் கற்றுக்கொடுப்பது, நோயாளியின் முதன்மைக் குறையை அவருடைய சொற்களிலேயே, எத்தனை நாளாக என்ற கணக்குடன் எழுத வேண்டும் என்பதைத்தான். "மேலுக்கு முடியவில்லை, மூன்று நாள்" என்பது மிகச் சரியான முதல் வரி. அதன் பிறகே கேள்விகள் வர வேண்டும். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதா, குளிர் நடுக்கம் உண்டா, சிறுநீர் எப்படிப் போகிறது, வீட்டில் வேறு யாருக்கேனும் இருக்கிறதா, என்ன வேலை செய்கிறார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். கேட்டு முடித்த பிறகு கண்ணால் பார்ப்பதும், கையால் தொட்டுப் பார்ப்பதும், விரலால் தட்டிப் பார்ப்பதும், கடைசியில் குழல் வைத்துக் கேட்பதும் வரிசையாக வரும். சோதனைச்சாலைக்கு எழுதுவது இவ்வளவுக்கும் பிறகுதான்.

தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள்: உளைச்சல், குடைச்சல், கடுப்பு, குத்தல், எரிச்சல், பிடிப்பு, சுளுக்கு. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்துக்கு வழி காட்டும். "நெஞ்சு கரிக்கிறது" என்பவரிடம் முதலில் வயிற்றைப் பற்றிக் கேட்பேன். "பாறாங்கல்லை வைத்தாற்போல் நெஞ்சு அழுத்துகிறது, இடது கைக்கு இறங்குகிறது" என்பவரை உட்காரவும் விடாமல் இ.சி.ஜி. எடுக்க அனுப்புவேன். நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் வியர்வையாகவும் மூச்சிரைப்பாகவும் வரக்கூடும் என்பதையும் நினைவில் வைத்திருப்பேன். புத்தகத்தில் இவையெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நோயாளியோ திருநெல்வேலித் தமிழிலோ கொங்கணி கலந்த மராத்தியிலோ போஜ்பூரியிலோ பேசுவார். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்தான் மருத்துவர்.

கேட்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு என் பிழையையே சொல்கிறேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கியது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு இரண்டு வாரம் கழித்து, பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையின் ஓ.பி.டி.யில், அதாவது புறநோயாளிப் பிரிவில், உட்கார்ந்திருந்தேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. முப்பது வயது இளைஞர் ஒருவர் மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி என்றார். கேஸ் பேப்பரில் ஒரே வரி எழுதி, பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டேன். நான்கு நாள் கழித்துக் கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்து, நடக்க முடியாமல் அவரைத் தூக்கி வந்தார்கள். இரவுப் பணியில் இருந்த என் மாணவர் அவருடைய கெண்டைக்காலை இலேசாக அழுத்தினார், அவர் அலறிவிட்டார். வெள்ளத்தன்று அலுவலகத்திலிருந்து வீடு வரை இடுப்பளவு தண்ணீரில் மூன்று மணி நேரம் நடந்தாராம். காலில் செருப்பு கடித்த புண் இருந்ததாம். எலிச் சிறுநீர் கலந்த நீரின் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் அது. பென்சிலினும் டயாலிசிஸும் கொடுத்து மூன்று வாரத்தில் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவரைச் சேர்த்த அன்று, முதல் கேஸ் பேப்பர் நான்காக மடித்து அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. என் கையெழுத்திலிருந்த அந்த ஒற்றை வரியை நான் இன்றுவரை மறக்கவில்லை. தண்ணீரில் நடந்தீர்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும், கெண்டைக்காலை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இப்போது மழை வெள்ளத்தில் நடந்தவர்கள் உடனே மருத்துவரைப் பார்த்து டாக்சிசைக்ளின் என்ற தடுப்பு மருந்து தேவையா என்று கேட்கும்படி மாநகராட்சியே ஆண்டுதோறும் அறிவிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவரின் வேலை ஒரு நோயாளியோடு முடிவதில்லை. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சயான் மருத்துவமனையில், எடை குறைந்து பிறந்த குழந்தைகள் மாற்றுப்பாலால் தொற்று ஏற்பட்டுத் துன்புறுவதைக் கண்ட டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ், 1989-ல் அங்கே தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதலாவது. பால் மிகுதியாகச் சுரக்கும் தாய்மார் கொடுப்பதை 62.5 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, உறைய வைத்து, தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்குப் புகட்டுகிறார்கள். நம் சமையலறைக்கு அந்நியமான எதுவும் அதில் இல்லை. வார்டைக் கவனித்துப் பார்த்த ஒருவரால் அது நடந்தது.

பயிற்சி மருத்துவர் எழுதியது:

பெரியவர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். அந்த நிலையில் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று தங்கைக்குச் சொல்கிறேன்.

காலை ஐந்தரைக்கு இரத்தம் எடுக்கத் தொடங்குவோம். எந்தச் சோதனைக்கு எந்த மூடியிட்ட குழாய் என்பது தூக்கத்திலும் மாறக் கூடாது: இரத்த அணுக்களை எண்ணுவதற்கு ஊதா, சர்க்கரைக்குச் சாம்பல், உறைதிறன் பார்க்க நீலம். எட்டு மணிக்குள் மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பிறகு யூனிட் எனப்படும் எங்கள் மருத்துவர் குழுவுடன் ரவுண்ட்ஸ்; ஹவுஸ்மேன், ரெஜிஸ்ட்ரார் எனப்படும் முதுநிலை மாணவ மருத்துவர்கள் ஒவ்வொரு படுக்கையாக நோயாளியின் நிலையைச் சொல்ல, பேராசிரியர் கேள்வி கேட்பார். அதற்குப் பின் எங்களுக்கு வருவது டிரிப் ஏற்றுவது, சிறுநீர்க் குழாய் போடுவது, மூக்கு வழியாக உணவுக் குழாய் இறக்குவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, காணாமல் போன அறிக்கையைத் தேடிப் படியேறி இறங்குவது. எமர்ஜென்சி நாளென்றால் மறுநாள் மதியம் வரை விடுதிக்குப் போக முடியாது. பெரிய கண்டுபிடிப்புகள் எதையும் நாங்கள் செய்வதில்லை. ஆனால் சரியான மனிதருக்குச் சரியான ஊசி போகிறதா என்பது எங்கள் கையில்தான் இருக்கிறது.

முதல் மாதத்தில் நடந்தது இது. பெண்கள் வார்டில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் ஒரே பெயருடைய இருவர் இருந்தார்கள். இரத்த வகை பார்ப்பதற்காக எடுத்த மாதிரியில் பதிவெண்ணை மாற்றி ஒட்டப் போனேன். படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த மாவ்ஷி, அதாவது வார்டு ஆயா, "டாக்டர், ஜன்னல் ஓரத்துப் பெண் நேற்றுத்தான் வந்தாள், அவளுடைய பேப்பர் இதுவல்ல" என்றார். அந்தச் சீட்டின்படி இரத்தம் ஏற்றியிருந்தால் உயிரே போயிருக்கலாம். அன்று முதல் பெயர், பதிவெண், தந்தை அல்லது கணவர் பெயர் மூன்றையும் நோயாளியின் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் சீட்டு ஒட்டுகிறேன். எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களும் இதே பாடத்தை வார்டில்தான் கற்றார்கள்.

பாடத்திட்டம் நான்கரை ஆண்டு. முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். பிறகு நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல். அப்புறம் சமூக மருத்துவம், தடயவியல், கண், காதுமூக்குத் தொண்டை. இறுதியில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம். அதன் மேல் ஓராண்டு இன்டர்ன்ஷிப். மகாராஷ்டிரத்தில் பட்டம் தருவது நாசிக்கிலுள்ள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம். மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த பிறகே தனியாகச் சிகிச்சை அளிக்கலாம். சிறப்பு மருத்துவராக வேண்டுமானால் மீண்டும் நீட் முதுநிலைத் தேர்வும் மூன்றாண்டு எம்.டி. அல்லது எம்.எஸ். படிப்பும் உண்டு. இதயம், நரம்பு போன்ற உயர் சிறப்புகளுக்கு இன்னும் மூன்றாண்டு. பதினெட்டில் சேர்பவர் அங்கே போய்ச் சேரும்போது முப்பதாகிவிடும். இதை இப்போதே வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

செம்பூர் தந்தை எழுதியது:

உறவினர் சொல்கிறார்கள் என்று பதினொன்றாம் வகுப்புக்கு ஊருக்கு அனுப்பாதீர்கள். நான் அனுப்பி இழந்தவன்.

என் மகன் பத்தாம் வகுப்பு வரை செம்பூரில் படித்தான். நல்ல மதிப்பெண். நாமக்கல் பக்கத்தில் விடுதியுடன் கூடிய ஒரு பள்ளியில் பதினொன்றும் பன்னிரண்டும் படிக்க வைத்தேன்; அந்தப் பள்ளிக்காரர்கள் மாநில ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீட் தேர்வில் அவன் வாங்கிய மதிப்பெண்ணுக்கு மகாராஷ்டிர அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். ஆனால் இங்கே மாநில ஒதுக்கீட்டுக்குப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் மகாராஷ்டிரத்திலேயே தேறியிருக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பூர்வீகத்தை ஆவணத்தால் காட்ட வேண்டும். என் தந்தை இங்கே வந்து குடியேறியவர், நான் பிறந்ததும் படித்ததும் இங்கே. ரேஷன் கார்டும் மும்பையுடையது. கேட்ட ஆவணங்களில் ஒன்றும் என்னிடம் இல்லை. இரண்டு மாநிலத்திலும் அவன் வெளியூர்க்காரனாகிவிட்டான். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு அந்த மதிப்பெண் போதவில்லை. இப்போது பி.எஸ்சி. முடித்து மருந்து நிறுவனம் ஒன்றில் நன்றாகவே இருக்கிறான். என்னிடம் ஒருநாளும் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

கல்வி வழிகாட்டி, பாண்டுப் எழுதியது:

செம்பூர் ஐயா எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. இதே நிலையில் வேறு குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். சகோதரி, உங்கள் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருப்பது நல்ல நேரம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர ஒரே வாசல் நீட் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்து, மூன்றிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் பெற்றிருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைய வேண்டும். மேல் வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள், மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4. தவறானால் 1 குறையும். உயிரியலுக்கு மட்டும் 90 கேள்விகள், அதாவது பாதி மதிப்பெண். ஆகவே உயிரியலை வரி வரியாகப் படித்தவர் பாதிக் கிணறு தாண்டியவர் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். ஆனால் மீதிப் பாதியில் விழுபவர்கள்தான் அதிகம், காரணம் இயற்பியலுக்குத் தேவையான கணிதம் எட்டு, ஒன்பதாம் வகுப்பிலேயே பலவீனமாக இருப்பது. உங்கள் மகளுக்கு விகிதம், அடுக்குகள், முக்கோணவியல் ஆகியவை சரளமாக வருகின்றனவா என்று இந்த ஆண்டே பாருங்கள். பயிற்சி மையத்தைப் பற்றிய கவலை அதற்குப் பிறகு வரட்டும்.

இடங்கள் இரண்டு வழியில் நிரம்புகின்றன. அரசு, மாநகராட்சிக் கல்லூரிகளின் இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. மீதி 85 சதவீதம் மாநில ஒதுக்கீடு, அதை நடத்துவது மகாராஷ்டிர சி.இ.டி. செல் எனப்படும் மாநிலப் பொது நுழைவுத் தேர்வுப் பிரிவு. ஜே.ஜே. மருத்துவமனையுடன் இணைந்த, 1845-ல் தொடங்கிய கிராண்ட் மருத்துவக் கல்லூரி, பரேலில் கே.இ.எம். மருத்துவமனையுடன் 1926 முதல் இயங்கும் சேத் ஜி.எஸ். கல்லூரி, சயானின் லோகமான்ய திலக் கல்லூரி, நாயர் மருத்துவமனையின் கல்லூரி, கூப்பர் கல்லூரி எல்லாம் இந்த நகரிலேயே இருக்கின்றன. தாராவிப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருப்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. அந்த 85 சதவீதத்தைப் பாதுகாக்க வேண்டுமானால் பத்தும் பன்னிரண்டும் மகாராஷ்டிரத்தில்தான். கூடவே குடியுரிமை மற்றும் வசிப்பிடச் சான்றிதழ் வேண்டும். தாராவி மும்பை நகர மாவட்டத்தில் வருவதால் கோட்டை (ஃபோர்ட்) பகுதியில் உள்ள பழைய கஸ்டம் ஹவுஸ் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்; இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்று, பழைய மின் ரசீது, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

சாதிச் சான்றிதழைப் பற்றி நம்மவர்கள் பலர் தவறாக எண்ணியிருக்கிறார்கள். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், புதிய மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்த வழக்கு எழுந்ததே, ஆந்திரத்திலிருந்து சிறு வயதில் இங்கு வந்த மாணவர் ஒருவர் சேத் ஜி.எஸ். கல்லூரியில் இடம் கேட்டதிலிருந்துதான். மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதியினர் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பும், இதர பிற்படுத்தப்பட்டோர் 1967 அக்டோபர் 13-க்கு முன்பும் குடும்பம் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். அந்தச் சாதி இம்மாநிலப் பட்டியலிலும் இருக்க வேண்டும். சான்றிதழுக்குப் பிறகு 'வேலிடிட்டி' எனப்படும் சரிபார்ப்பும் உண்டு. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இவை பொருந்தாவிட்டால் மாநிலச் சேர்க்கையில் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். அப்போதும் அகில இந்திய 15 சதவீதத்தில் பட்டியல் சாதியினருக்குப் பூர்வீக மாநிலச் சான்றிதழ் செல்லும். எந்தப் பிரிவில் நிற்கிறோம் என்று இப்போதே தெரிந்தால்தான் மகள் எந்த மதிப்பெண்ணை இலக்காக வைக்க வேண்டும் என்பது தெரியும்.

அறிவியல் ஆசிரியை எழுதியது:

நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். வழிகாட்டித் தம்பி ஒரு செய்தியை விட்டுவிட்டார். நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்பது உண்மை; ஆனால் தமிழ் வினாத்தாள் மகாராஷ்டிர மையங்களில் கிடைக்காது. இங்கே ஆங்கிலம், இந்தி, உருது, மராத்திதான். தமிழில் எழுத விரும்பினால் தமிழ்நாடு, புதுச்சேரி போன்ற இடங்களிலுள்ள மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு இங்கே நம் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் எடுத்தால் ஆங்கில வழியில்தான் படிக்க நேரும். ஆகவே உங்கள் மகள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான ஜூனியர் கல்லூரியில் நுழையும் நாளில் மொழி மாற்றத்தையும் பாடச் சுமையையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டியிருக்கும். தமிழ்வழியில் நன்றாகப் படித்த பிள்ளைகள் முதல் மூன்று மாதத்தில் சோர்ந்துபோவது இதனால்தான். அறிவுக் குறைவு என்று அவர்களே நினைத்துக்கொண்டு கலைப்பிரிவுக்கு மாறிவிடுகிறார்கள். எத்தனை நல்ல பிள்ளைகளை அப்படி இழந்திருக்கிறோம்!

என் மாணவிகளுக்கு நான் செய்தது எளிமையானது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்வேன். இடப்பக்கம் தமிழ்ப் பாடநூலின் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் அதன் எழுத்துடன்: சவ்வூடு பரவலுக்கு ஆஸ்மாசிஸ், நொதிக்கு என்சைம், இழைமணிக்கு மைட்டோகாண்ட்ரியா, ஒளிச்சேர்க்கைக்கு போட்டோசிந்தசிஸ். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் ஆயிரம் சொல்லைத் தாண்டிவிடும். முக்கியமானது, சொல்லை மாற்றுவதற்கு முன் பொருளைத் தமிழில் அவளே சொல்ல வேண்டும். உப்பில் போட்ட மாங்காய் ஏன் சுருங்குகிறது என்று சொல்லத் தெரிந்தவளுக்கு ஆஸ்மாசிஸ் ஒரு புதிய பெயர் மட்டுமே.

தாராவித் தாய் எழுதியது:

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி. ஊருக்கு அனுப்பும் எண்ணத்தை விட்டுவிட்டோம். செம்பூர் அண்ணாவின் பதிவை என் கணவர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னும் ஒரு சந்தேகம். அரசு இடம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டில் குறைந்த செலவில் படிக்க வைக்கலாம் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அது சரியா?

பயிற்சி மருத்துவர் எழுதியது:

முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன், அக்கா. ஆனால் வீட்டுக்கு வந்தவர் சொல்லாத செய்திகள் இவை. வெளிநாட்டில் படிக்கவும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டும். அங்கேயே 12 மாத இன்டர்ன்ஷிப்பும் வேண்டும். திரும்பி வந்த பிறகு வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எப்.எம்.ஜி.இ. எனும் தேர்வு: 300 கேள்விகளில் 150 சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. தேறினாலும் இங்கே மீண்டும் 12 மாதம் இன்டர்ன்ஷிப். அப்படி வந்த இரண்டு அண்ணன்மார் எங்கள் யூனிட்டில் இருக்கிறார்கள்; உழைப்பிலும் அறிவிலும் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் அங்கே நோயாளியின் மொழி தெரியாததால் வார்டில் கேட்டுப் பழகும் வாய்ப்பு குறைவாக இருந்தது என்று அவர்களே சொல்கிறார்கள். முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அரசு இடத்துக்காக இன்னும் ஓராண்டு காத்திருந்து எழுதுவது பெரும்பாலும் அதைவிட மேல்.

செவிலியர், முலுண்ட் எழுதியது:

ஒரு வார்த்தை மட்டும். தங்கைக்கு நோயாளியின் அருகில் இருக்க வேண்டும் என்பதுதான் ஆசையென்றால், பி.எஸ்சி. செவிலியர் படிப்பையும் அவளுக்குக் காட்டுங்கள். மருத்துவர் வந்து போன பிறகு எட்டு மணி நேரம் அந்தப் படுக்கையோடு இருப்பவர்கள் நாங்கள். மருத்துவ இடம் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசாக இதைச் சொல்லவில்லை. நான் விரும்பித் தேர்ந்தெடுத்தேன், இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு நாளும் வருந்தியதில்லை.

தாராவித் தாய் எழுதியது:

கோப்பைச் சேர்க்க உட்கார்ந்தபோது ஒரு சிக்கல். பிறப்புச் சான்றிதழில் மகளின் பெயருக்குப் பின் தந்தை பெயர் முழுதாக இருக்கிறது. ஆதாரில் முன்னெழுத்து மட்டும். பள்ளிப் பதிவேட்டில் என் மாமனார் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள், அதிலும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. இது இடையூறாகுமா?

கல்வி வழிகாட்டி, பாண்டுப் எழுதியது:

ஆகும், சகோதரி; நம்மவர்கள் சேர்க்கை நாளில் அல்லாடுவது பெரும்பாலும் இதனால்தான். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, இங்குள்ள படிவங்கள் அதைக் கேட்கின்றன. எழுதுபவர் தோன்றியதைப் போட்டுவிடுகிறார். பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே பொதுப் பதிவேட்டைத் திருத்தக் கேளுங்கள். பள்ளியை விட்ட பிறகு அதைத் தொடுவது கடினம். பத்தாம் வகுப்புத் தேர்வு விண்ணப்பத்தில் ஏறும் பெயர்தான் மதிப்பெண் சான்றிலும் வரும், நீட் விண்ணப்பமும் வசிப்பிடச் சான்றும் அதையே பின்பற்றும். பிறப்புச் சான்றிதழின் நகலுடன் தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பிறகு ஆதாரைப் பள்ளிப் பெயருக்கு ஏற்ப மாற்றுங்கள்.

தாராவித் தாய் எழுதியது:

இன்று பள்ளிக்குப் போய் விண்ணப்பம் கொடுத்து முத்திரையும் வாங்கிவிட்டோம். விண்ணப்பத்தை மகளே எழுதினாள். ஆசிரியை அம்மா சொன்னபடி நோட்டும் தொடங்கிவிட்டாள். ஆனால் இரண்டு பத்தி போதாது என்று நான்காகக் கோடு போட்டிருக்கிறாள்: பாட்டியின் சொல், பாடநூல் சொல், ஆங்கிலம், மராத்தி. பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து இதுவரை பதினான்கு சொல் எழுதியிருக்கிறாள். வயிற்றுப் பொருமலுக்கு மராத்தியில் என்ன சொல்வார்கள் என்று மருத்துவர் ஐயாவிடம் கேட்கச் சொன்னாள்.

பணிநிறைவு பெற்ற மருத்துவர், மாட்டுங்கா எழுதியது:

"போட் புக்லய்" என்பார்கள், குழந்தை. அப்படி ஒருவர் சொன்னால், எத்தனை நாளாக என்றும், வாயு பிரிகிறதா என்றும், கடைசியாக எப்போது வெளிக்குப் போனார் என்றும் கேட்டு எழுதிக்கொள். மற்ற பதின்மூன்று சொற்களையும் அனுப்பு.